வீரம்மா பேசிய பதினான்கு மணித்தியாலம்

என் அப்பா ஜனார்த்தனன் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் வாடகைக்கு வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தார். முப்பத்தொரு வருடம். கல்யாணம், சடங்கு, கும்பாபிஷேகம், மரண வீடு. கண்டியைச் சுற்றியுள்ள பல வீடுகளின் அலுமாரிகளில் அவர் எடுத்த வீடியோக்கள் இருக்கின்றன. எதிலும் அவர் பெயர் பெரிதாக இருக்காது. கடைசியில் ஒரு விநாடி, தொலைபேசி எண்ணோடு வந்து போகும்.

போன ஆவணியில் இறந்தார். வயது அறுபத்துமூன்று. தனக்காக அவர் எடுக்க நினைத்தது ஒரே ஒரு படம். அது முடியவில்லை. முடியாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் எழுதுகிறேன்.

அவர் வேலை செய்த முறையை முதலில் சொல்ல வேண்டும். கல்யாண வீடியோவில் மண்டபத்தின் உண்மையான சத்தம் யாருக்கும் வேண்டாம். படத்தை வெட்டி, மேலே சினிமாப் பாட்டுப் போடுவார்கள். கோயில் என்றால் நாதஸ்வரம். மரண வீடு என்றால் தேவாரம். பத்து வருடங்களுக்கு முன் கெலிஓயாவில் ஒரு கல்யாணம் எடுத்தார். பந்திப் பகுதிக்குப் பாட்டுப் போட மறந்துவிட்டார். மாப்பிள்ளையின் பெரியம்மா பக்கத்து இலைக்காரியிடம் சொன்னது துல்லியமாகப் பதிவாகியிருந்தது: "நகையப் பாத்தியா? பாதி இரவல். எது யாருதுன்னு கழுத்துல போட்டவளுக்கே தெரியாது." பெண் வீட்டார் இருபது பேர் கூடி உட்கார்ந்து பார்த்தபோது அது வெளியே வந்தது. பெண் மூன்று மாதம் தாய் வீட்டில் இருந்தாள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து திட்டியது அப்பாவைத்தான்.

"கல்யாணத்த எடுக்கச் சொன்னா, கலகத்த எடுத்து வச்சிருக்கியே" என்றாராம் பெண்ணின் தகப்பன்.

அன்றைக்கே அப்பா கமராவின் இரண்டு ஒலித் திருகுகளையும் பூச்சியத்துக்குத் திருப்பி, மேலே கறுப்பு டேப் ஒட்டினார். பிறகு கமராவை மாற்றினார். புதிய கமராவிலும் முதல் வேலையாக டேப். திரையின் ஓரத்தில் ஆடும் ஒலி அளவுக் கோடுகள் படம் பார்க்க இடைஞ்சல் என்று அவற்றையும் மறைத்து வைத்தார். சில மாதங்களில் டேப்பும் கமராவின் ஒரு பகுதி போலாகிவிட்டது. பார்த்தால் தெரியாது.

வீரம்மாவை அவர் சந்தித்தது ஒரு முகூர்த்தத்துக்குப் போகிற காலையில். ஐந்து மணி. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். வீரம்மா மாநகர சபையின் தெருக்கூட்டும் தொழிலாளி. மஹய்யாவையில் வீடு. இரண்டு மகள்மார். கூட்டிக்கொண்டே பேசுவார், யாரும் கேட்காவிட்டாலும். அன்று கேட்க அப்பா இருந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் அதை அப்படியே சொல்லிக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. "ஸ்டூடியோக்காரரே, நீங்க முன்னால நிக்கிறவங்களத்தான் புடிக்கிறீங்க. எனக்குப் பின்பக்கம் தெரியும். மருந்துப் பெட்டி கூடுனா அந்த வீட்டுல ஒரு பெருசு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. பெரிய மீன் முள்ளு வந்தா வெளிநாட்டு ஆளு வந்திருக்கு. நாலு நாளா ஒன்னுமே வரலைன்னா புருசன் பொஞ்சாதி சண்டை, அடுப்பு மூட்டல."

"நம்ம வீட்டுப் பக்கம் அவ வராம இருந்தாச் சரி" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. "இத யாராவது எடுக்கணும்" என்றார். பிறகு, "நான்தான் எடுக்கணும்" என்றார்.

இரண்டு வருடம் எடுத்தார். கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், விடியும்போது. யட்டிநுவர வீதி, கொட்டுகொடல்ல வீதி, பேராதனை வீதி. வீரம்மா கூட்டினார், பேசினார். அப்பா பின்னால் நடந்தார். கல்யாண வீடியோக்காரர்களின் வழக்கம்: எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகுதான் வெட்ட உட்கார்வது. நடுவில் போட்டுப் பார்ப்பதில்லை. கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போட்டு, படம் விழுந்திருக்கிறதா என்று வேகமாக ஓட்டிப் பார்ப்பார். விழுந்திருந்தது. நல்ல வெளிச்சம், நல்ல சட்டகம். நாற்பத்தொரு கோப்புகள். பதினான்கு மணித்தியாலம்.

படத்தை முடிக்க ஆட்கள் வேண்டும். எடிட்டர், கலர் பார்க்கிறவர், ஆங்கிலத்தில் எழுதுகிறவர். கண்டியில் ஒரு திரைப்படப் பயிற்சிப் பட்டறையில் நிரஞ்சனி என்ற பெண்ணை அப்பா சந்தித்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. புதிதாக ஆவணப்படம் எடுப்பவர்களை நிதி கொடுக்கிறவர்களின் முன்னால் நிறுத்தும் வேலை அவளுக்கு. அந்த நிகழ்வுக்குப் பிட்ச் என்று பெயர். ஏழு நிமிடம் பேசிப் படத்தை விற்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை, கொழும்பில். அதற்கு ஒரு படிவம், ஒரு முன்னோட்டம்.

"அங்கிள், கட்டாயம் போடுங்கோ. இப்பிடி ஒரு ஆளை இதுவரைக்கும் ஒருத்தரும் கொண்டு வரேல்லை" என்று அவள் போனில் சொன்னாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்கும் கேட்க வைத்தார்.

தீபாவளிக்கு நான் கொழும்பிலிருந்து வந்தபோது படிவம் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அதை ஆங்கிலத்தில் நிரப்புவது என் வேலை.

"ரெண்டு வருஷமா எடுத்தத ஒரே வரியில சொல்லணுமாம்" என்றார் அப்பா.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் நீங்க ஒரு வரிதானே பேசினீங்க. பழக்கந்தான், எழுதுங்க" என்றாள் அம்மா.

"இந்தப் படத்தை யார் பார்ப்பார்கள்?" என்பது அடுத்த கேள்வி.

"கண்டியில குப்ப போடுற எல்லாரும்" என்றார். அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த ஒரு பதிலுக்காகவே அவர்களுக்குப் படிவம் பிடித்துப்போனது என்று பிறகு நிரஞ்சனி சொன்னாள்.

முன்னோட்டத்தையும் காட்டினார். இரண்டு நிமிடம். வீரம்மா கூட்டுகிறார், தள்ளுவண்டியைத் தள்ளுகிறார், கமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். மேலே புல்லாங்குழல். தனக்குத் தெரிந்த விதத்தில்தான் செய்திருந்தார்.

"தர்ஷா, சத்தத்த மட்டும் ஒருக்கா செக் பண்ணிடு. நீ படிச்சது அதுதானே."

நான் தொலைத்தொடர்புப் பொறியியலாளர். ஒரு சிக்னல் புறப்படும் இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம் வரை கெடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இரண்டு நாள் லீவு. அடுத்த நாள் காலை ரயில்.

"சத்தத்தக் கடைசியில பாத்துக்கலாம்ப்பா. மொதல்ல படிவத்த முடிப்போம்" என்றேன்.

ஒரு ஹெட்போனைச் செருகியிருந்தால் போதும். பத்து விநாடி வேலை. அப்போது வீரம்மா உயிரோடு இருந்தார். அவரிடம் திரும்பவும் பேசச் சொல்லியிருக்கலாம். மறுப்பவரே அல்ல.

தை மாதம் வீரம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. மரண வீட்டை அப்பா சம்பளம் வாங்காமல் எடுத்தார். சவூதியில் வேலை செய்யும் இளைய மகளால் வர முடியவில்லை, அவளுக்கு அனுப்ப வேண்டும் என்று மூத்த மகள் கலாராணி கேட்டிருந்தாள். அதற்கும் தேவாரம் போட்டுத்தான் கொடுத்தார்.

இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து கடிதம். அப்பாவின் படம் தெரிவாகியிருந்தது. பிட்ச்சுக்கு எட்டுப் படங்கள், அதில் ஒன்று. கூடவே ஒரு வேண்டுகோள்: முன்னோட்டம் போதாது. வீரம்மா பேசும் ஒரு காட்சி வேண்டும், மூன்று நிமிடம், ஆங்கில வரிகளோடு. பத்து நாளைக்குள்.

வரிகள் எழுத நான் வெள்ளிக்கிழமை வந்தேன். சனிக்கிழமை காலை ஸ்டூடியோவில் உட்கார்ந்தோம். அப்பா எனக்குப் பின்னால் நின்றார்.

"அந்த மீன் முள்ளுக் கதைய எடு. பதினேழாவது."

திறந்தேன். வீரம்மா வண்டியில் சாய்ந்து நின்று, கையை விரித்து ஏதோ அளவு காட்டினார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

"ஸ்பீக்கர் வயரப் பாரு."

பார்த்தேன். ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். நன்றாகக் கேட்டது. பதினெட்டாவது கோப்பைத் திறந்தேன். பத்தொன்பது. இரண்டு. நாற்பது. எல்லாவற்றிலும் ஒலிக்கோடு நேராக இருந்தது, ஸ்கேல் வைத்துக் கீறியது போல.

"வால்யூமக் கூட்டும்மா."

"கூட்டியாச்சுப்பா. கமராவக் குடுங்க."

கையில் வாங்கித் தடவிப் பார்த்தேன். நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பினேன். பிசின் காய்ந்திருந்தது, துண்டு துண்டாகத்தான் வந்தது. இரண்டு திருகுகளும் பூச்சியத்தில் இருந்தன.

அப்பா கதிரையில் உட்கார்ந்தார். "கழலக் கூடாதுன்னு அழுத்தி ஒட்டினேன்" என்றார்.

மாலைவரை முயன்றேன். அறுபது டெசிபல் உயர்த்தினேன். வடிகட்டிகள் போட்டேன். எங்கள் கம்பனியில் எனக்குத் தெரிந்த இருவருக்கு ஒரு கோப்பை அனுப்பினேன். குரல் மெல்லியதாகப் பதிவாகியிருந்தால் மீட்கலாம். இங்கே எதுவும் பதிவாகவில்லை. அப்பா ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். திரும்பப் போய் உட்கார்ந்தார். இதை அவருக்கு எத்தனை தரம் செய்தேன் என்று எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கலாராணி வந்தாள். டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள், முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பென் டிரைவ்.

"அண்ணே, அம்மா பேசுறதுல ஒரு அஞ்சு நிமிஷம் இதுல போட்டுத் தாங்க. வர்ற வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாளு. படையல் வச்சுட்டுக் கேக்கணும். தங்கச்சி வேற அங்கேருந்து டெய்லி கேட்டுக்கிட்டே இருக்கா."

அப்பா என்னைப் பார்த்தார்.

"இல்ல புள்ள" என்றார்.

"என்ன இல்ல?"

"கொரல் இல்ல."

"ரெண்டு வருஷம் உங்ககிட்டதானண்ணே பேசிச்சு. எங்க போன்ல படந்தான் இருக்கு. அம்மாவுக்கு வட்சப்புல பேசவே புடிக்காது. 'எனக்கென்ன கூலியா குடுக்குற, சும்மா பேசுறதுக்கு'ன்னு கேக்கும். உங்ககிட்ட மட்டுந்தான்..." நிறுத்தினாள். "கொழும்புக்காரங்களுக்குக் குடுத்துட்டீங்களா? அவங்க தரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களா? சொல்லுங்க, நான் கோவிக்க மாட்டேன்."

"சத்தியமா இல்ல புள்ள. பட்டன மூடி வச்சிருந்தேன். மறந்துட்டேன்."

அவள் நம்பவில்லை. அப்பா ஒரு கோப்பைப் போட்டுக் காட்டினார். பேராதனை வீதி. வீரம்மா பேசிக்கொண்டே கூட்டுகிறார். பக்கத்தில் ஒரு லொறி வருகிறது. சட்டென்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு, லொறிக்காரனைப் பார்த்து ஏதோ கத்துகிறார்.

"ஹோர்ன் அடிக்கிறான்" என்றாள் கலாராணி. "அம்மா ஏசுது. அதுகூட விழலியா?"

"விழல."

இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு பென் டிரைவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "வர்றேண்ணே" என்றாள். ஏசிவிட்டுப் போயிருக்கலாம். கெலிஓயாக்காரர்கள் ஏசியதை அப்பா தாங்கிக்கொண்டவர். இதை அவரால் தாங்க முடியவில்லை.

நிரஞ்சனிக்கு நான்தான் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன். "வேற ஒரு ஆளைக் கொண்டு குரல் குடுக்கேலாதோ?" என்று கேட்டாள். அப்பா தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். முடியாது. "சரி, இருக்கிறதைக் கொண்டு வாங்கோ. இடத்தை விட்டிடாதேங்கோ" என்றாள்.

சித்திரையில் பிட்ச். ஒரு ஹோட்டல் மண்டபம். குளிரூட்டி. நிதி கொடுக்கிற ஐந்து பேர் முன்வரிசையில், அதில் இருவர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். அப்பா கும்பாபிஷேகங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். தமிழில் பேசினார், நிரஞ்சனி பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

மீன் முள்ளுக் கதையை வீரம்மாவின் விதத்திலேயே சொன்னார், கையால் அளவு காட்டி. மண்டபம் சிரித்தது. பிறகு மூன்று நிமிடக் காட்சி ஓடியது. சத்தமில்லாமல். யாரும் அசையவில்லை. நான் அந்த மண்டபத்தைக் கவனித்தேன். அவர்களுக்குப் பிடித்திருந்தது. சந்தேகமே இல்லை.

ஐரோப்பியப் பெண் கேட்டாள். நிரஞ்சனி மொழிபெயர்த்தாள்: "நகரம் இந்தப் பெண்ணைக் கேட்பதேயில்லை. அதனால் எங்களையும் கேட்க விடாமல் செய்திருக்கிறீர்கள். மிகத் துணிச்சலான தெரிவு. இதற்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்?"

சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஆனால் மைக்கில் கேட்கும்படி, "அங்கிள், ஓமெண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார்.

"இல்லங்க. அது தெரிவு இல்ல. சவுண்ட் பட்டன டேப் போட்டு மூடியிருந்தேன். கல்யாண வீட்டுப் பழக்கம். மறந்துட்டேன். அந்தம்மா நல்லாப் பேசுவாங்க."

நிரஞ்சனி முழுவதையும் மொழிபெயர்த்தாள். வேறு வழியில்லை. சிலர் சிரித்தார்கள், கேலியாக இல்லை. ஐரோப்பியப் பெண் எதையோ எழுதினாள். நிதி வேறு படத்துக்குப் போனது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, "ஏன்ப்பா?" என்று கேட்டேன்.

"கலாராணி கேப்பாளே" என்றார்.

அதன் பிறகு அவர் எடுத்த எல்லா வீடியோவிலும் சத்தத்தைப் பதிந்தார். பாட்டுப் போட மறுத்தார். மண்டபத்தின் இரைச்சல், பாத்திரச் சத்தம், ஐயரின் இருமல், பின்வரிசைப் பேச்சு, எல்லாவற்றையும் அப்படியே விட்டுக் கொடுத்தார். அலவத்துகொடையில் ஒரு வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டு வந்து வைத்தார். "ஜனா அண்ணே, இது கலியாண வீடியோவா, கோர்ட் கேஸா?" வைகாசியில் இரண்டு ஓடர். ஆனியில் ஒன்று. ஆடியில் எப்படியும் கல்யாணம் இல்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் ஸ்டூடியோவில் இருந்தார். என்ன கேட்கிறீர்கள் என்றால், "செக் பண்றேன்" என்பார்.

ஆவணியில் ஒரு பகல் அம்மா சாப்பாடு கொண்டு போனபோது கதிரையில் சரிந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்தது. இருதயம். அம்மாவின் தொலைபேசியில் அவரிடமிருந்து வந்த கடைசித் தவறிய அழைப்பு காலை பத்து ஐந்துக்கு. ஏன் அழைத்தார் என்று தெரியாது. அம்மா அப்போது குளித்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் நிரஞ்சனி அழைத்தாள். "தர்ஷனா, அந்த வெள்ளைக்கார மனுசி இன்னும் படத்தை மறக்கேல்லை. வேற ஒரு நிதியிலையிருந்து தாறாவாம். முழுத் தொகை. எடிட்டரையும் அவையே பிடிச்சுத் தருவினம். அங்கிளின்ரை பேரிலைதான் படம் வரும்."

நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, இயக்குநரின் கூற்று என்று ஒரு பக்கம்: இந்த மௌனம் ஏன். அதை அவர் பெயரில் நான் எழுதலாம். மற்றது, வீரம்மா குடும்பத்தின் கையெழுத்து.

ஒரு பக்கத்தையும் எழுதினேன். நன்றாகவே எழுதினேன். கேட்கப்படாத குரல், நகரத்தின் செவிட்டுத்தனம், இயக்குநரின் நிதானமான தெரிவு. அப்பா மேடையில் சொன்னதற்கு நேர் எதிர். தெரிந்தே எழுதினேன். பொய்யாக இருந்தாலும் படம் இருக்கும், அவர் பெயர் ஒரு விநாடிக்கு மேல் இருக்கும் என்று நினைத்தேன். இப்போதும் அது தவறு என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

சம்மதப் படிவத்தோடு மஹய்யாவைக்குப் போனேன். கலாராணி பிளேன்டீ தந்தாள். சுவரில் வீரம்மாவின் படம், பூமாலை, சிறிய மின்விளக்கு. தமிழில் எழுதிய படிவத்தைக் கொடுத்தேன். மெதுவாக வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"படத்துல எங்கம்மா பேசாதா?"

"இல்லக்கா. சத்தம் இல்லாமத்தான்."

"மொத்தப் படமும்?"

"ஓம்."

"பாக்குற வெள்ளக்காரங்க என்ன நெனைப்பாங்க? ஊமைன்னா?"

"அப்பிடியில்ல. யாரும் அவங்கள கேக்கலங்கிறதுக்காக வேணும்னே..."

"யாரு கேக்கல?" அவள் குரல் உயரவில்லை. "இந்தத் தெருவே கேட்டுச்சு. சூப்பர்வைசரு கேட்டாரு, தாங்க முடியாம. உங்கப்பா கேட்டாரு. எங்கம்மா ராவும் பகலும் வாய் மூடாது தங்கச்சி. அதுகிட்ட இருந்ததே அதுதான். அத எடுத்துட்டு, வெளக்கமாத்தோட மட்டும் காட்டப் போறீங்களா?"

"அப்பா பேர்ல ஒரு படம் வரும்க்கா." அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அண்ணே நல்ல மனுசன். மேடையில உள்ளதச் சொன்னாராம், அந்த நிரஞ்சனிப் புள்ள போன்ல சொல்லிச்சு. அந்த மனுசன் பேர்ல இதப் போடாதீங்க." படிவத்தை மடித்து என் கையில் வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க. என்னால முடியாது."

பென் டிரைவில் அந்தப் படங்களையாவது போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். வாய் அசையுறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

பிளேன்டீயைக் குடித்து முடித்தேன். மழை பிடித்திருந்தது. குடை ஒன்றைத் தந்து, அவசரமில்லை, பிறகு கொடுத்தால் போதும் என்றாள். பஸ் தரிப்பிடத்தில் நின்று நிரஞ்சனிக்கு எழுதினேன்: குடும்பம் சம்மதிக்கவில்லை. எழுதிய கூற்றையும் திரும்பப் பெறுகிறேன். அந்த அம்மையாருக்கு நன்றி சொல்லவும்.

வீட்டில் அம்மா, "என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"முடியாதுன்னா."

அம்மா குடையை வாங்கி வாசலில் விரித்து வைத்தாள். "அப்ப ஸ்டூடியோவ இந்த மாசத்தோட விட்டுடலாமா?" என்றாள்.

"விட்டுடலாம்" என்றேன்.